சிவப்புக் கொடி

மலாக்கா நகருக்கு வடமேற்கே, கடற்கரையை அடுத்து அமைந்த சிற்றூர் சுங்கை ஊடாங். இறால் ஆறு என்பது அப்பெயரின் பொருள். பெயரில் ஆற்றின் அமைதி இருந்தாலும் ஊரின் சாலைக்கு அமைதி இல்லை. இராணுவ முகாமின் வண்டிகள் ஒருபுறம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய் வரும் பெரிய லாரிகள் மறுபுறம். செம்பனைக் குலைகளைச் சுமந்து முனகிச் செல்லும் தோட்டத்து லாரிகள் இடையிலே. இத்தனைக்கும் நடுவில், கிடைத்த சந்தில் நுழைந்து பறக்கும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்கள்.

தோட்டப்புறத்து இளைஞனுக்கு மோட்டார் சைக்கிள் வெறும் ஊர்தி அன்று. அவன் தாத்தா பால்வாளியைத் தொங்கவிட்டு மிதிவண்டியில் சென்றார். அவன் தந்தை மாதத் தவணையில் ஒரு பழைய வண்டியை வாங்கி, பதினைந்து ஆண்டுகள் துடைத்துத் துடைத்து ஓட்டினார். அவனோ முதல் மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டிப் புதுவண்டியோடு வீட்டு வாயிலில் வந்து நிற்கிறான். பண்டை முல்லை நிலத்து இளைஞன் தன் ஆண்மையைக் காளையின் கொம்பிடையே காட்டினான். இன்றைய இளைஞன் அதனை வளைவுகளில் காட்ட முற்படுகிறான். காளைக்கு அஞ்சாத அவனை ஊர் போற்றியது. வளைவுக்கு அஞ்சாத இவனை எண்ணி ஒரு தாய் வாயிற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்படி உட்கார்ந்திருந்த தாய் ஒருத்தியின் கதை இது. அவள் பால்மரம் சீவி ஓய்ந்தவள். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சொல் குறைந்தவர். ஒரே மகன்; பத்தொன்பது வயது. மஸ்ஜித் தானாவில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் குறையைச் சொல்லிவிடுவான் என்று முதலாளி புகழ்வார். தன் வண்டி எழுப்பும் ஒலி தாயின் நெஞ்சில் என்ன செய்கிறது என்பதை மட்டும் அவன் கேட்டதில்லை.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை தீபாவளி. தாய் விடியற்காலையிலேயே மாவைப் பிசைந்து வைத்துவிட்டு முறுக்கு உரலைத் தேடிக்கொண்டிருந்தாள். மகன் மூன்று நண்பர்களோடு செப்பாங் செல்லக் கிளம்பினான். அங்கே அன்று உலக மோட்டார் சைக்கிள் பந்தயம்.

“தீபாவளி நெருங்குகிறது. வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நூறு கிலோமீட்டர் போக வேண்டுமா, ஐயா?”

“ஆண்டுக்கு ஒரு முறைதானே, அம்மா. ராத்திரிக்குள் வந்துவிடுவேன்.”

தந்தை ஒன்றும் கூறவில்லை. வண்டியின் முன் சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். “காற்று சரியாக இருக்கிறது,” என்றார். அதுவே அவருடைய வாழ்த்து.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நிலப்பரப்பில், 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது செப்பாங் பந்தயத் தடம். ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர், வளைவுகள் 15. நேர்ப்பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் கடந்து வரும் வண்டி, வளைவை அணுகும்போது சில நொடிகளில் தன் வேகத்தைப் பெரும்பாலும் இழந்தாக வேண்டும். ஓட்டுபவன் முழங்கால் தரையை உரசும் அளவுக்குச் சாய்கிறான். அந்நேரத்தில் அவனுக்கும் தரைக்கும் உள்ள உறவெல்லாம் உள்ளங்கை அகலமே உள்ள டயரின் ஒரு விளிம்புதான்.

அவ்விளிம்பு சூடாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். சூடு போதாவிட்டால் கைவிட்டுவிடும். ஆகையால் பந்தயத்தின் கடைசிச் சுற்றைவிட முதற்சுற்றுகளே அச்சம் மிக்கவை. டயர் முழுச் சூட்டை அடைந்திராது. எரிபொருள் நிறைந்து வண்டி கனத்திருக்கும். எல்லாரும் நெருக்கமாகச் செல்வார்கள். முன்னால் ஒருவன் விழுந்தால் பின்னால் வருபவனுக்கு ஒதுங்க இடமும் இராது. நினைக்க நேரமும் இராது.

அன்றைய முதன்மைப் பந்தயம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. மொத்தம் 20 சுற்றுகள். பட்டறை இளைஞன் நண்பர்களோடு மேட்டுப் புல்வெளியில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவன் கண்கள் தேடியது 58ஆம் எண்ணை. அது இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லியின் எண். சுருண்டு அடர்ந்த தலைமுடியும், எவருக்கும் விட்டுக்கொடுக்காத ஓட்டமும், ஓட்டம் முடிந்ததும் குழந்தைபோல் சிரிக்கும் சிரிப்பும் அவரை உலகெங்கும் இளைஞர்களின் அன்பராக்கியிருந்தன. வயது 24. 2008ஆம் ஆண்டில் 250 சிசி பிரிவின் உலக வெற்றியாளர் பட்டத்தை அவர் உறுதி செய்துகொண்டதும் இதே செப்பாங்கில்தான். முந்திய ஞாயிறு ஆஸ்திரேலியாவில் இரண்டாம் இடம் பெற்றிருந்தார். மோட்டோ ஜிபி பிரிவில் அவர் அடைந்த மிக உயர்ந்த இடம் அது.

தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதற்சுற்று கடந்து இரண்டாம் சுற்று. நான்காம் இடத்துக்காகப் போராடியபடி பதினோராம் வளைவில் சாய்ந்தார் சிமோன்செல்லி. டயர் பிடி நழுவியது. வழக்கமாக இப்படி விழும் வண்டி வளைவுக்கு வெளியே சறுக்கிச் சென்று மணலில் ஓயும். வீரனும் எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வான். அன்று டயர் மீண்டும் தரையைப் பற்றியது. பற்றிய வண்டி, தன்னை விடாது பிடித்திருந்த வீரரையும் இழுத்துக்கொண்டு தடத்தின் குறுக்கே உட்புறமாகத் திரும்பியது. பின்னால் வந்த கோலின் எட்வர்ட்ஸ், வாலெண்டினோ ரோசி ஆகிய இருவராலும் விலக இயலவில்லை. மோதலில் தலைக்கவசம் கழன்று உருண்டது. எட்வர்ட்ஸ் கீழே விழுந்து தோள் பிசகினார். ரோசி விழாமல் தப்பினார். ஆனால் விழுந்து கிடந்தவர் அவருடைய நெருங்கிய நண்பர்.

உடனே சிவப்புக் கொடி அசைந்தது. பந்தயத்தில் சிவப்புக் கொடிக்கு ஒரே பொருள்தான்: நிறுத்து. முதல் இடத்தில் இருப்பவனும் கடைசி இடத்தில் இருப்பவனும் அதன் முன் ஒன்றே. கோடிக்கணக்கில் செலவழித்த நிறுவனமானாலும், உலகப் பட்டம் வென்றவனானாலும், அந்தத் துணித் துண்டுக்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். எல்லா வண்டிகளும் வேகம் தணிந்து திரும்பின. தடம் அடங்கியது.

மேட்டுப் புல்வெளியில் இருந்தவர்களுக்கு நடந்தது தெளிவாகத் தெரியவில்லை. பந்தயம் மீண்டும் தொடங்கும் என்றே பலரும் காத்திருந்தார்கள். வெயில் எரித்தது. நேரம் கடந்தது. முடிவில் பந்தயம் கைவிடப்பட்டது என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. காரணம் அறியாத கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு கூச்சல் எழுந்தது. சிலர் தண்ணீர்ப் போத்தல்களைத் தடத்தை நோக்கி எறிந்தார்கள். எறிந்தவர்களுள் ஒருவன் சுங்கை ஊடாங் இளைஞன். “காசு கொடுத்து வந்தது இதற்குத்தானா?” என்று கத்தியபடி அவனும் ஒரு வெற்றுப் போத்தலை எறிந்தான். அது வேலியைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. எவர் மேலும் படவில்லை.

சிமோன்செல்லியின் உயிர் 4.56 மணிக்குப் பிரிந்தது என்று பின்னர் அறிவித்தார்கள். செய்தி கைப்பேசி வழியாகக் கூட்டத்துள் பரவியபோது, கத்திய வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. வேலிக்கு அப்பால் கிடந்த தன் போத்தலை அவன் பார்த்தான். எடுத்துவிடலாம் என்று எண்ணினான், கைக்கு எட்டவில்லை.

அதே வேளையில் சுங்கை ஊடாங் வீட்டில் தந்தை தொலைக்காட்சியின் முன் இருந்தார். பந்தயத்தில் அவருக்கு ஆர்வமில்லை. மகன் சென்ற இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆவலில் பெட்டியைப் போட்டிருந்தார். அடுப்படியிலிருந்து மாவுக்கையோடு வந்த தாய், தடத்தின் நடுவே அசையாது கிடந்த உருவத்தைக் கண்டாள். அது தன் மகன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் கால்கள் தளர்ந்தன.

“யார் பெற்ற பிள்ளையோ!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. அன்று முறுக்கு சுடவில்லை.

மகன் கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோயிருந்தது. அழைத்து அழைத்துப் பார்த்த தாய், பின்னர் வாயிற்படிக்கு வந்துவிட்டாள். நான்கு வண்டிகள் லுக்குட், போர்ட்டிக்சன் வழியாகக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தன. காலையில் அதே சாலையில் அவர்கள் ஒருவரையொருவர் முந்திச் சென்றவர்கள். இரவில் எவரும் எவரையும் முந்தவில்லை. லிங்கி ஆற்றைக் கடந்து மலாக்கா எல்லைக்குள் நுழையும் வரையில் பேச்சும் இல்லை. பத்து மணிக்குமேல் வண்டியின் ஒலி கேட்டது. தாய் எழுந்து உள்ளே போய்ச் சோற்றை எடுத்து வைத்தாள். திட்ட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

அவன் உண்ணவில்லை. தட்டைப் பார்த்தபடியே இருந்தவன், “அப்பா, அங்கே ஓர் ஆள் இறந்துகொண்டிருந்தபோது நான் போத்தலை எறிந்தேன்,” என்றான்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனைவியிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

செம்பனைக் குலையை வெட்டியபின் காலம் தாழ்த்தலாகாது. தாழ்த்தினால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். ஆகவே வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலையைச் சேர வேண்டும் என்று லாரி ஓட்டுநரை விரட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு மழையிரவில் பாரத்தோடு சென்றபோது, சாலையோரம் மோட்டார் சைக்கிள் ஒன்று கவிழ்ந்து கிடந்ததை விளக்கொளியில் கண்டார். அருகில் ஏதோ அசைந்தது போலவும் இருந்தது. பின்னால் இரண்டு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அவர்கள் நிறுத்துவார்கள் என்று நினைத்தார், நிறுத்தாமல் சென்றார். மறுநாள் காலையில்தான் தெரிந்தது. கிடந்தவர் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பத்தலைவர். பின்னால் சென்றவர்களும், அவர்களுக்குப் பின்னால் சென்றவர்களும், இன்னொருவர் நிறுத்துவார் என்றே நினைத்திருக்க வேண்டும்.

“நீ தெரியாமல் எறிந்தாய். நான் தெரிந்தே போனேன்,” என்றார் தந்தை. “அந்த ஆளுக்காக யாரும் கொடி காட்டவில்லை. இன்றைக்கு அத்தனை பெரிய பந்தயத்தை ஓர் ஆளுக்காக நிறுத்தினார்கள். அதைத்தான் பெட்டியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.”

தாய் இருவரையும் பார்த்தாள். ஒன்றும் கூறாமல் மகனின் தட்டை மூடி வைத்தாள்.

கல்வி குறைந்த அந்த லாரி ஓட்டுநர் கண்டது சிறிய உண்மை அன்று. ஓடுவதைப் போற்றும் உலகம் நிற்பதைப் போற்ற மறந்துவிடுகிறது. தமிழ் மரபு இரண்டையும் போற்றியது. படர்வதற்குக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்காகத் தேரை நிறுத்தியதோடு தேரையே விட்டுச் சென்றான் பாரி. வினை முடித்து வீடு திரும்பும் அகநானூற்றுத் தலைவன் ஒருவன், பூவிலே தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையக்கூடாதே என்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவன் வழிபார்த்து இல்லத்தில் ஒருத்தி காத்திருக்கிறாள். விரைந்து செல்ல வேண்டிய காரணம் அவனுக்கு நிரம்ப உண்டு. இருந்தும் வண்டின் அமைதி அவன் செவிக்கு எட்டுகிறது. விரைவு வேண்டாம் என்று அப்பாடல் கூறவில்லை. விரையும்போதும் வழியில் உள்ள உயிர் கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் உள்ளம். வகுப்பறையில் இப்பாடலுக்குத் துறையும் திணையும் கூறி முடித்துவிடுகிறோம். மாணவன் மணியடித்ததும் வெளியே சென்று மோட்டார் சைக்கிளை முடுக்குகிறான். பாட்டு ஏட்டிலேயே நின்றுவிடுகிறது.

பந்தய உலகம் நிறுத்துவதோடு அமையாது. ஏன் விழுந்தான் என்று கேட்கவும் செய்கிறது. 2010 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ தடத்தில் சப்பானிய இளைஞர் ஷோயா டோமிசாவா இதேபோல் விழுந்து, பின்வந்த வண்டிகள் மோதி உயிரிழந்தார். ஓர் ஆண்டு கடந்து செப்பாங்கில் சிமோன்செல்லி. கார்ப் பந்தயத்திலோ, ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளையம் ஒன்று 2018 முதல் பார்முலா 1 கார்களில் கட்டாயமாக்கப்பட்டது. அழகைக் கெடுக்கிறது என்று அதனைப் பழித்தவர் பலர். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரேன் பந்தயத்தின் முதற்சுற்றிலேயே ரோமன் குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து இரண்டாக முறிந்து தீப்பற்றியது. அந்தத் தீயிலிருந்து அவர் அரை நிமிடத்துக்குள் தாமே வெளியேறினார். பழிக்கப்பட்ட வளையமே அவர் தலையைக் காத்தது. ஒருவரின் வீழ்ச்சியிலிருந்து கற்ற பாடம் மற்றொருவரின் உயிராகிறது.

நம் சாலைகளில் வீழ்பவர்களிடமிருந்து என்ன கற்கிறோம்? சிமோன்செல்லி மறைந்த அதே 2011ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் இறந்தோர் 6,800க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். செப்பாங்கில் ஓர் உயிருக்காக உலகமே நின்றது. இவர்களுக்காக நின்றது அவரவர் வீட்டு அடுப்பு மட்டுமே.

தீபாவளி வந்தது. அவ்வாண்டு அந்த வீட்டில் முறுக்கு குறைவு, பட்டாசும் இல்லை. மறுநாள், அக்டோபர் 27 அன்று, கோரியானோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் சிமோன்செல்லியின் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. நவம்பர் 6 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் பருவத்தின் கடைசிப் பந்தயம். மௌன அஞ்சலி வேண்டாம், தம் மகனுக்கு ஆரவாரமே பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டார் தந்தை பாவோலோ. அவ்வாறே வெடிகள் முழங்கின. மகனை இழந்த அத்தந்தை பந்தயத்தை வெறுத்து ஒதுங்கவில்லை. பின்னாளில் மகனின் எண்ணையே பெயரில் தாங்கிய ஓர் அணியை அமைத்து, இளம் வீரர்களை வளர்க்கும் பணியில் இறங்கினார். மிசானோ தடத்துக்கு அம்மகனின் பெயர் சூட்டப்பட்டது. 2016ஆம் ஆண்டில் 58ஆம் எண்ணை இனி மோட்டோ ஜிபி பிரிவில் எவருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

சுங்கை ஊடாங் இளைஞனும் வண்டியை விற்றுவிடவில்லை. வேகத்தின் மேல் உள்ள ஆசை ஒரே நாளில் அற்றுப்போயிற்று என்று கூறினால் அது கதையாகிவிடும். ஆனால் தீபாவளி கழிந்த வாரத்தில் அவன் தாயிடம் ஒன்று கேட்டான்.

“அம்மா, உங்கள் பழைய சிவப்புச் சேலை ஒன்று இருக்கிறதா?”

“எதற்கு, ஐயா?”

“வண்டியில் வைக்க.”

பட்டறைத் துணிதான் வேண்டும்போலும் என்று எண்ணி அவள் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். அவன் அதனை மடித்து இருக்கையின் அடியில் வைத்தான்.

ஆண்டுகள் சில கடந்தன. ஒரு மாலை, நல்ல மழை. மஸ்ஜித் தானாவிலிருந்து வீடு திரும்பும் வழியில், வளைவு ஒன்றைக் கடந்ததும் பள்ளி மாணவன் ஒருவன் வண்டியோடு சறுக்கி விழுந்து கிடந்தான். பட்டறைக்காரன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அடிபட்டவனை இழுக்கவோ தூக்கவோ முற்படவில்லை. கூடியவர்களுள் ஒருவரை மருத்துவ வண்டிக்கு அழைக்கச் சொன்னான். தான் வளைவுக்கு முன்னே ஓடிப்போய், எதிர்வரும் வண்டிகளுக்குத் தெரியுமாறு சிவப்புத் துணியை உயர்த்தி வீசிக்கொண்டு நின்றான். முதலில் வந்தது செம்பனைக் குலை ஏற்றிய லாரி. அது நின்றது. அதன் பின்னே எல்லாம் நின்றன. மருத்துவ வண்டி வரும் வரையில் அவன் கை தாழவில்லை. மாணவனுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது, உயிருக்குக் கேடில்லை.

அன்று வீடு சேர இருட்டிவிட்டது. தந்தை வாயிலில் உட்கார்ந்திருந்தார். மகனின் கையில் நனைந்து சுருண்டிருந்த துணியைப் பார்த்தார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“வழியில் நிற்க வேண்டியதாயிற்று, அப்பா.”

தந்தை அந்தத் துணியை வாங்கிப் பிழிந்தார். கொடியில் விரித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சோறு ஆறிப்போயிருக்கும். அம்மாவைச் சுட வைக்கச் சொல்,” என்றார்.